காட்டுத் தீயும் கணக்கில் வராத காவலர்களும்

இந்திய வன ஆய்வு நிறுவனம் 2024 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கையின்படி, 2023-24 தீப்பருவத்தில் நாட்டின் காடுகளில் தீ எரிந்ததாகச் செயற்கைக்கோள்கள் கண்டறிந்த இடங்கள் 2,03,544. அதற்கு முந்தைய பருவத்தில் 2,12,249. அதற்கும் முந்தைய பருவத்தில் 2,23,333. மாநிலவாரியான கணக்கும் உண்டு. 2023-24-இல் 21,033 இடங்களுடன் உத்தரகண்ட் முதலிடம் பெற்றது. ஒடிஸாவும் சத்தீஸ்கரும் அதற்கு அடுத்து வந்தன.

விண்ணிலிருந்து பார்த்த தீயைக் கடைசி இலக்கம் வரை எண்ணிச் சொல்லும் அந்த அறிக்கையில், தீயை அணைக்க மலையேறியவர்கள் எத்தனை பேர், அவர்களில் நிரந்தர ஊழியர்கள் எத்தனை பேர், தினக்கூலிகள் எத்தனை பேர், காயமுற்றவர்களும் இறந்தவர்களும் எத்தனை பேர் என்பதற்கு ஓர் அட்டவணை இல்லை. இதற்காக வன ஆய்வு நிறுவனத்தைக் குறை கூறுவதற்கில்லை. காட்டை அளப்பதே அதன் பணி. மனிதர்களை எண்ண வேண்டிய பொறுப்பு வேறு இடத்தில் இருக்கிறது.

2024 ஜூன் 13-ஆம் தேதி உத்தரகண்டின் அல்மோரா மாவட்டத்திலுள்ள பின்சர் வன உயிரினச் சரணாலயத்தில் தீ பரவுவதாகத் தகவல் வந்தது. வனத்துறையைச் சேர்ந்த எட்டுப் பேர் ஒரு வாகனத்தில் அனுப்பி வைக்கப்பட்டனர். அவர்கள் இறங்கி வேலையைத் தொடங்கும் வேளையில் காற்று வலுத்தது. சரிவின் கீழிருந்து மேலேறிய நெருப்பு அவர்களைச் சூழ்ந்துகொண்டது. நான்கு பேர் அங்கேயே மாண்டனர். கடுமையான தீக்காயங்களுடன் மீட்கப்பட்ட மற்ற நால்வரும் தில்லி எய்ம்ஸ் மருத்துவமனைக்கு விமானம் மூலம் கொண்டுவரப்பட்டனர். அவர்களிலும் அனைவரும் உயிருடன் ஊர் திரும்பவில்லை.

அன்று சம்பவ இடத்தில் இறந்த நால்வரில் ஒருவர் பீட் எனப்படும் காவல் சரகத்தின் பொறுப்பிலிருந்த வனத்துறை ஊழியர். இன்னொருவர் தீப்பருவத்துக்கு மட்டும் அமர்த்தப்பட்ட தீக்காவலர். மூன்றாமவர் 'பிராந்திய ரட்சக் தளம்' எனும் மாநிலத் துணைப் படையிலிருந்து இரவல் பெறப்பட்டவர். நான்காமவர் தினக்கூலி. நால்வரையும் விழுங்கிய நெருப்பு ஒன்றுதான். ஆனால் அரசுக்கும் அவர்களுக்கும் இடையிலான உறவு நான்கு விதமாக இருந்தது. ஊதியம், விடுப்பு, ஓய்வூதியம், குடும்பத்துக்கான வாரிசு வேலை என எதிலும் அவர்கள் சமமானவர்கள் அல்லர். மாநில முதல்வர் உடனடியாகக் குடும்பங்களுக்குத் தலா ரூ. 10 லட்சம் நிவாரணம் அறிவித்தார். மூத்த வன அதிகாரிகள் மீது பணியிடை நீக்கம் உள்ளிட்ட நடவடிக்கைகள் எடுக்கப்பட்டன. பத்து நாள்களில் செய்தி பழையதாயிற்று.

இந்தப் பணி எப்படி நடைபெறுகிறது என்பது நகரவாசிகளில் பலருக்குத் தெரியாது. தீயணைப்பு என்றதும் சிவப்பு வண்டியும் நீளமான குழாயும் நினைவுக்கு வருகின்றன. குமாவுன், கர்வால் மலைகளில் தீ எரியும் பெரும்பாலான இடங்களுக்குச் சாலை கிடையாது. எனவே வண்டியும் இல்லை, குழாயும் இல்லை. தண்ணீர் பள்ளத்தாக்கின் அடியில் ஓடும். நெருப்பு மேட்டில் எரியும். ஆகவே அங்கே தீயை அணைக்கப் பயன்படுவது பெரும்பாலும் தண்ணீர் அன்று. பச்சைக் கிளையை ஒடித்து, தரையோடு ஓடும் தீயின் விளிம்பை அடித்து அடித்து நெருப்பைச் சாகடிக்கின்றனர். இரும்புப் பல் வைத்த வாரியால் சருகை இழுத்து விலக்கி, மண் தெரியும்படி ஒரு பாதை உண்டாக்குகின்றனர். இதுவே தீத்தடுப்புக் கோடு. எரிய எதுவுமில்லாத அந்தக் கோட்டை எட்டும்போது தரைத்தீ தானே நின்றுபோகும். தீ மிகுந்த வேகத்துடன் வந்தால், கோட்டின் இப்பக்கமிருந்து எதிர்த்தீ வைத்து, வருகின்ற நெருப்புக்கு இரையில்லாமல் செய்வார்கள். இதில் காற்றின் திசையைக் கணிப்பதில் பிழை நேர்ந்தால், வைத்தவரையே அந்தத் தீ திரும்பிப் பார்க்கும்.

மலைச்சரிவில் நெருப்பின் இயல்பு சமவெளியில் இருப்பதைப் போன்றதன்று. சரிவு ஏற ஏற அதன் வேகமும் ஏறும். மேலேயுள்ள சருகை நெருப்பு வந்து தொடுவதற்கு முன்பே அதன் வெப்பம் உலர்த்தி வைத்துவிடுகிறது. பகல் வெயிலில் மலை சூடேற, பள்ளத்தாக்கின் காற்றும் மேல் நோக்கியே வீசும். பைன் காடாக இருந்தால் இன்னொரு தொல்லையும் உண்டு. எரிகின்ற பைன் காய்கள் சரிவில் உருண்டு, கோட்டைத் தாண்டிக் கீழே விழுந்து, அங்கே புதிய தீயை மூட்டுகின்றன. மேலே அணைத்துக்கொண்டிருப்பவருக்குக் கீழே ஒரு தீ பிறந்தது தெரியாது. தெரியவரும்போது அது மேலேறத் தொடங்கியிருக்கும். எனவே அனுபவம் மிக்கவர்கள் இரவிலும் விடியற்காலையிலும் வேலை செய்யவே விரும்புகின்றனர். அப்போது காற்றில் ஈரம் இருக்கும், நெருப்பு அடங்கியிருக்கும். பிற்பகலில், அதுவும் ஒரு தீயின் மேற்புறத்தில் ஆட்களை இறக்குவது எவ்வளவு ஆபத்தானது என்பது உலகெங்கும் இத்தொழிலின் முதல் பாடம். அந்தப் பாடத்தை நான்கு மாதத்துக்கு மட்டும் வேலைக்கு வரும் ஒருவருக்கு யார், எப்போது கற்றுத் தருகிறார்கள் என்பதே கேள்வி.

உடை விஷயமும் சிறியதன்று. செயற்கை இழையால் ஆன சட்டை வெப்பத்தில் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். தடித்த பருத்தியோ, தீயைத் தாங்கும் துணியோ, நல்ல தோல் காலணியோ ஒவ்வொருவருக்கும் தருவதற்கு ஆகும் செலவு, ஒரு ஹெலிகாப்டரைச் சில மணி நேரம் பறக்கவிடும் செலவோடு ஒப்பிடக்கூட முடியாதது. ஆனாலும் ஊரிலிருந்து வருபவர் வீட்டில் உடுத்திய உடையிலேயே தீயோடு போராடும் காட்சி இன்னும் மறைந்துவிடவில்லை.

உத்தரகண்ட் மட்டுமே இதற்கு உதாரணமன்று. 2017 பிப்ரவரியில் கர்நாடகத்தின் பந்திப்பூர் புலிகள் காப்பகத்தில் தீயை அணைக்கச் சென்ற இளம் வனக் காவலர் ஒருவர் நெருப்பில் சிக்கி இறந்தார். 2020 பிப்ரவரியில் கேரளத்தின் திருச்சூர் மாவட்டம் கொற்றம்பத்தூரில் மூன்று வனக் காவலர்கள் ஒரே தீயில் மாண்டனர். அவர்களில் தற்காலிகப் பணியாளர்களும் இருந்தனர். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேற்றத்துக்குச் சென்ற 23 பேரின் உயிரைக் குடித்த தீயைத் தமிழக வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். விமானப்படை ஹெலிகாப்டர்கள் வந்து சேரும் முன்பு, இருட்டில் அந்தச் சரிவில் இறங்கியவர்களுள் அடிவார ஊர்க்காரர்களும் வனத்துறையின் கடைநிலைப் பணியாளர்களும் இருந்தனர்.

இந்தியாவில் காட்டுத் தீயை அணைப்பது ஒரு வேலையாக அன்றி, ஒரு கடமையாகவே சட்டத்தில் எழுதப்பட்டது. இப்போதும் நடைமுறையில் இருக்கும் 1927-ஆம் ஆண்டின் இந்திய வனச் சட்டத்தின் 79-ஆவது பிரிவு, காப்புக்காட்டில் மேய்ச்சல், விறகு போன்ற உரிமைகளை அனுபவிப்பவர்களும் அரசிடம் ஊதியம் பெறும் கிராமப் பணியாளர்களும் காட்டில் தீ கண்டால் தாமதமின்றி அதனை அணைக்க முற்பட வேண்டும் என்கிறது. வன அதிகாரியோ காவல் அதிகாரியோ உதவி கேட்டால் மறுக்கலாகாது என்கிறது. தவறினால் தண்டனையும் வைத்திருக்கிறது. விறகு பொறுக்கும் உரிமைக்குக் கைம்மாறாக உயிரைப் பணயம் வைக்கும் கடமை. கூலி பற்றி அந்தப் பிரிவில் ஒரு சொல்லும் இல்லை.

குமாவுன் மக்களுக்கு இது பழைய கதை. ஆங்கிலேய அதிகாரிகளின் மூட்டைகளைக் கூலியின்றிச் சுமக்க வைத்த 'பேகார்' முறையை எதிர்த்து 1921 ஜனவரியில் பாகேஸ்வரில் நடந்த உத்தராயணித் திருவிழாவின்போது, கட்டாயக் கூலிகளின் பெயர்கள் எழுதப்பட்ட பதிவேடுகளை அவர்கள் சரயு நதியில் எறிந்தனர். அதே ஆண்டின் கோடையில், காட்டின் மீதான தங்கள் உரிமைகளைப் பறித்த அரசுக்கு எதிர்ப்பாகக் குமாவுனின் பைன் காடுகள் பலவற்றில் தீ வைக்கப்பட்டது. அரசு இறங்கி வந்தது. குறைகளைக் கேட்க ஒரு குழு அமைக்கப்பட்டு, அதன் தொடர்ச்சியாக 1931-இல் வன பஞ்சாயத்துகளுக்கான விதிகள் பிறந்தன. ஊராரே ஒரு பகுதிக் காட்டை ஆளும் அந்த அமைப்பு இன்றும் உத்தரகண்டில் ஆயிரக்கணக்கில் இருக்கிறது. காடு தங்களுடையது என்ற எண்ணம் உள்ள ஊரில் தீயை அணைக்க ஆள் தேடி அலைய வேண்டியதில்லை என்பதை ஒரு நூற்றாண்டுக்கு முன்பே அந்த மலை எடுத்துக் காட்டிவிட்டது. அந்தப் பாடத்தை அரசு பாதியோடு நிறுத்திக்கொண்டது.

நாடாளுமன்றம் இதை எவ்வாறு பார்க்கிறது? காட்டுத் தீ பற்றிய கேள்விக்குச் சுற்றுச்சூழல் அமைச்சகம் அளிக்கும் பதிலை ஆண்டுதோறும் படிப்பவர்களுக்கு அதன் முதல் வாக்கியம் மனப்பாடமாகியிருக்கும். காடுகளின் பாதுகாப்பும் மேலாண்மையும் முதன்மையாக மாநில அரசுகளின் பொறுப்பு என்பதே அது. 1976-ஆம் ஆண்டின் 42-ஆவது அரசியல் சட்டத் திருத்தத்தின் மூலம் காடுகளைப் பொதுப் பட்டியலுக்கு எடுத்துக்கொண்ட மத்திய அரசு, ஒரு சாலைக்காகவோ சுரங்கத்துக்காகவோ காட்டு நிலத்தைக் கேட்டால் தன் அனுமதி கட்டாயம் என்கிறது. அதே காடு எரியும்போது மட்டும் மாநிலத்தைக் கை காட்டுகிறது. மாநிலங்களோ, பணம் தில்லியில் இருக்கிறது என்கின்றன. இந்த வாதத்தில் இரு தரப்புமே முழுப் பொய் சொல்லவில்லை என்பதுதான் சங்கடம்.

கூட்டத்தொடர்களின் நாள்காட்டியும் காட்டுக்குச் சாதகமாக இல்லை. உத்தரகண்டில் தீப்பருவம் பிப்ரவரி 15 முதல் ஜூன் 15 வரை. ஏப்ரல், மே மாதங்களில் அது உச்சத்தை அடைகிறது. பட்ஜெட் கூட்டத்தொடர் அண்மை ஆண்டுகளில் பெரும்பாலும் ஏப்ரல் முதல் வாரத்தோடு முடிந்துவிடுகிறது. மழைக்காலக் கூட்டத்தொடர் ஜூலையில் கூடும்போது மலைகளில் தீ அணைந்து, நிலச்சரிவு தொடங்கியிருக்கும். உறுப்பினர்களின் கேள்வியும் நிலச்சரிவுக்கு மாறியிருக்கும். 2019, 2024 ஆகிய மக்களவைத் தேர்தல் ஆண்டுகளில் உச்சப் பருவம் முழுவதும் பிரசாரத்திலும் வாக்குப்பதிவிலும் கழிந்தது.

விதிவிலக்காக அமைந்தது 2016. அவ்வாண்டு ஏப்ரல் இறுதியில் உத்தரகண்டின் மலைகள் பற்றி எரிந்தபோது மாநிலத்தில் குடியரசுத் தலைவர் ஆட்சி நடைபெற்றது. மாநிலத்தைக் கை காட்டும் வசதி அப்போது மத்திய அரசுக்கு இல்லை, நாடாளுமன்றமும் கூடியிருந்தது. ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் களத்தில் இறக்கப்பட்டனர். தேசியப் பேரிடர் மீட்புப் படை சென்றது. விமானப்படையின் எம்.ஐ.-17 ஹெலிகாப்டர்கள் பீம்தால் ஏரியில் தண்ணீரை அள்ளிக்கொண்டு போய்க் கொட்டிய காட்சியை எல்லாத் தொலைக்காட்சிகளும் ஒளிபரப்பின. ஏறத்தாழ 4,500 ஹெக்டேர் காடு பாதிக்கப்பட்ட பின்னர், மே முதல் வாரத்தில் பெய்த மழையும் கைகொடுத்தது.

அதன் பயனாக அறிவியல், தொழில்நுட்பம், சுற்றுச்சூழல், வனங்களுக்கான நாடாளுமன்ற நிலைக்குழு விசாரணை நடத்தி, 2016 டிசம்பரில் அறிக்கை அளித்தது. 2015-இல் 15,937 ஆக இருந்த தீ நிகழ்வுகள் 2016-இல் 24,817 ஆக உயர்ந்ததை, அதாவது ஓராண்டில் ஏறத்தாழ 55 சதவீதம் கூடியதை, குழு சுட்டிக்காட்டியது. (இந்த எண்களை இப்போதைய லட்சக்கணக்கோடு ஒப்பிடலாகாது. பழைய கருவி ஒரு கிலோமீட்டர் சதுரத்தை ஒரு புள்ளியாகப் பார்த்தது. புதிய கருவி 375 மீட்டரில் பார்க்கிறது. கண் கூர்மையானதால் எண்ணிக்கையும் பெருகியது.) களப் பணியாளர் பற்றாக்குறையையும் குழு பேசியது. காட்டுத் தீ மேலாண்மைக்குத் தேசிய அளவில் ஒரு கொள்கை வேண்டும் என்றது. பைன் ஊசியிலைகளை அகற்றும் வேலையை அப்போதைய ஊரக வேலை உறுதித் திட்டத்துடன் இணைக்கலாம் என்றது. நிலைக்குழு அறிக்கைகளில் உருப்படியானவை என்று எடுத்து வைக்கத்தக்கவற்றுள் அதுவும் ஒன்று. அதைத் தொடர்ந்து 2018-இல் தேசியச் செயல் திட்டமும் வந்தது. ஆனால் தீயை நேரில் சந்திப்பவரின் பணித்தகுதி என்ன என்ற கேள்வி அன்றும் தீராமல் நின்றது.

எட்டு ஆண்டுகள் கழித்து அதே கேள்வி உச்ச நீதிமன்றத்தில் எழுந்தது. 2024 மே மாதம் உத்தரகண்ட் தீ பற்றிய வழக்கை விசாரித்த நீதிபதிகள், மழையையும் செயற்கை மழையையும் நம்பிக்கொண்டிருக்க முடியாது என்று கூறினர். காடு எரியும்போது வனத்துறை ஊழியர்களைத் தேர்தல் பணிக்கு அனுப்பியது ஏன் என்று கேட்டனர். மாநிலம் கோரிய ரூ. 10 கோடியில் ரூ. 3.15 கோடி மட்டுமே மத்திய அரசிடமிருந்து வந்தது ஏன் என்றும் கேட்டனர். காலிப் பணியிடங்களை நிரப்புவது பற்றிய கேள்வியும் எழுந்தது. தலைமைச் செயலர் நேரில் வர வேண்டியதாயிற்று. இவையெல்லாம் மே மாதத்தில் நடந்தவை. பின்சரில் நால்வர் மாண்டது ஜூன் மாதத்தில்.

பணத்தைப் பற்றிப் பேசினால் நிலைமை இன்னும் தெளிவாகும். காட்டுத் தீத் தடுப்பு, மேலாண்மைக்கென்று தனியாக உள்ள மத்திய திட்டத்துக்கு நாடு முழுமைக்குமாக ஒதுக்கப்பட்டு வந்தது ஆண்டுக்குச் சுமார் ரூ. 50 கோடி. தில்லியில் ஒரு மேம்பாலத்துக்கு இதைவிட அதிகம் செலவாகும். மலை மாநிலங்களுக்கு 90 சதவீதமும் மற்றவற்றுக்கு 60 சதவீதமும் மத்திய பங்கு. இதிலிருந்துதான் தீத்தடுப்புக் கோடு, கண்காணிப்புக் கோபுரம், கருவிகள், பருவகாலக் காவலர்களின் கூலி எல்லாம் வர வேண்டும். அண்மை ஆண்டுகளில் உள்துறை அமைச்சர் தலைமையிலான உயர்நிலைக் குழு, பேரிடர் தணிப்பு நிதியிலிருந்து 19 மாநிலங்களில் 144 மாவட்டங்களுக்கு ரூ. 818.92 கோடியில் காட்டுத் தீ இடர் மேலாண்மைத் திட்டம் ஒன்றுக்கு ஒப்புதல் அளித்தது. பழைய தொகையோடு ஒப்பிட்டால் இது பெரிய மாற்றம், வரவேற்கத்தக்கது. இதில் எவ்வளவு கருவிகளுக்கும் கட்டடங்களுக்கும் போகிறது, எவ்வளவு ஆட்களுக்குப் போகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். கருவி வாங்கியதற்கு ரசீது காட்டலாம், திறப்பு விழாவும் நடத்தலாம். பயிற்சி பெற்ற இருபது பேரை ஆண்டு முழுவதும் சம்பளத்தில் வைத்திருப்பதற்கு ரிப்பன் வெட்ட யாரும் வருவதில்லை.

ஹெலிகாப்டர் தேவையில்லை என்பது இங்கு வாதமன்று. 2021 ஏப்ரலிலும் 2024 ஏப்ரலிலும் விமானப்படை மீண்டும் வந்தது. குடியிருப்பை நெருங்கும் தீயைத் தணிக்க அது உதவியது. ஆனால் வானிலிருந்து கொட்டும் நீர் தீயின் சூட்டைத் தணிக்குமே தவிர, விளிம்பை அடைத்து, எரிந்த கட்டைகளைப் புரட்டி, மறுநாள் மீண்டும் மூளாதபடி செய்வது தரையில் நிற்பவரின் வேலை. புகை அடர்ந்தால் ஹெலிகாப்டர் திரும்பிவிடும்; தரையிலுள்ளவர் திரும்ப முடியாது. செயற்கைக்கோள் எச்சரிக்கையும் அப்படித்தான். டேராடூனிலிருந்து குறுஞ்செய்தி காவல் சரகம் வரை சில மணி நேரத்தில் சென்றுவிடுகிறது, உலகத்தரமான ஏற்பாடு. அந்தக் குறுஞ்செய்தியைப் படித்துவிட்டு மலையேற அந்தச் சரகத்தில் ஒரே ஒரு காவலர் இருக்கும்போது, எச்சரிக்கை விரைவாக வந்ததால் என்ன பயன்?

வளர்ந்த நாடுகளில் இச்சிக்கல் இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. அமெரிக்காவில் மத்திய அரசின் காட்டுத் தீயணைப்பு வீரர்கள் நெடுங்காலம் 'வனத் தொழில்நுட்பப் பணியாளர்' என்ற பெயரிலேயே ஊதியப் பட்டியலில் இருந்தனர். பெயர் வேறாக இருந்ததால் ஊதியமும் வேறாக இருந்தது. 2021-இல் இயற்றப்பட்ட உள்கட்டமைப்புச் சட்டமே அவர்களுக்கென்று தனிப் பணிப்பிரிவு உருவாக்க வழிசெய்து, தற்காலிக ஊதிய உயர்வும் தந்தது. அந்த உயர்வு 2025 மார்ச்சில்தான் நிரந்தரமாயிற்று. 2013 ஜூனில் அரிசோனா மாநிலத்தின் யார்னெல் மலைத் தீயில் ஒரே அணியைச் சேர்ந்த 19 வீரர்கள் மாண்டபோது, அவர்களில் 13 பேர் பருவகாலப் பணியாளர்கள் என்பதால் நிரந்தரப் பணியாளரின் குடும்பத்துக்குக் கிடைத்த பலன்கள் இவர்களின் குடும்பங்களுக்குக் கிடைக்கவில்லை. அங்கே எழுந்த சர்ச்சை பத்திரிகைகளிலும் அரசு மன்றங்களிலும் நெடுநாள் நீடித்தது. இங்கே பின்சருக்குப் பிறகு அப்படியொரு விவாதம் நடைபெறவில்லை என்பதே வேறுபாடு.

நிரந்தரப் பணி என்று பேசியதும் நிதித்துறை எழுப்பும் ஆட்சேபம் ஒன்று உண்டு. தீ நான்கு மாதம்தான் எரிகிறது. மீதி எட்டு மாதம் அவர்களுக்கு எதற்குச் சம்பளம் என்பது அது. கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும் இந்த ஆட்சேபம் தொழிலை அறியாததால் எழுவது. காட்டுத் தீயில் அணைப்பது சிறு பகுதி; தடுப்பதே பெரும்பகுதி. மழை ஓய்ந்ததும் தீத்தடுப்புக் கோடுகளைச் சீரமைக்க வேண்டும். குளிர்காலத்தில், ஈரம் இருக்கும்போதே, சருகைக் கட்டுப்படுத்தி எரிக்க வேண்டும். பாதைகளைத் திறந்து வைக்க வேண்டும். ஊர் ஊராகப் போய்ப் பேச வேண்டும். இவை முறையாக நடந்தால் ஏப்ரலில் அணைக்க வேண்டிய தீ பாதியாகக் குறையும். இப்போதோ, பருவம் தொடங்கும்போது ஆள் எடுத்து, பருவம் முடிந்ததும் அனுப்பிவிடுவதால், தீ எரிகின்ற நாளில் மட்டுமே அரசுக்கு அவர்களின் நினைவு வருகிறது. ஒருவர் பத்துப் பருவம் உழைத்துப் பெற்ற அனுபவமும் பதினோராம் பருவத்தில் அவர் வேறு வேலைக்குச் சமவெளிக்குப் போய்விட்டால் அவரோடு போய்விடுகிறது. மலையிலிருந்து இளைஞர்கள் வெளியேறுவது உத்தரகண்டின் பெரும் கவலை என்று எல்லாக் கட்சிகளும் மேடைதோறும் பேசுகின்றன. மலையிலேயே ஆண்டு முழுவதும் இருக்கக்கூடிய அரசு வேலை ஒன்று இதோ இருக்கிறது.

நாடெங்கும் இதைச் செய்ய வேண்டும் என்பதும் இல்லை. 2018-இல் உலக வங்கியும் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகமும் இணைந்து வெளியிட்ட ஆய்வு, நாட்டின் நிலப்பரப்பில் 3 சதவீதமே கொண்ட 20 மாவட்டங்களில், 2003 முதல் 2016 வரை கண்டறியப்பட்ட தீயில் 44 சதவீதம் நிகழ்ந்ததாகக் கூறியது. எங்கே தொடங்குவது என்ற குழப்பத்துக்கு இடமில்லை. அந்த மாவட்டங்களில் சரகத்துக்கு ஓர் அணி என்று, ஆண்டு முழுவதும் ஊதியம் பெறும், பயிற்சி பெற்ற, தகுந்த உடையணிந்த குழுக்களை அமைப்பது கஜானாவைக் காலி செய்துவிடாது. காவலர், தினக்கூலி, துணைப் படையினர் என எந்தப் பட்டியலில் இருந்தாலும், தீயில் இறந்தால் குடும்பத்துக்கு ஒரே பலன் என்ற விதியைக் கொண்டுவருவதற்கோ பணமே பெரிதாகத் தேவையில்லை. இப்போது காப்பீடு என்பது மாநிலத்துக்கு மாநிலம், ஆண்டுக்கு ஆண்டு மாறும் ஏற்பாடாக இருக்கிறது. பேரிடர் நிவாரண நிதியின் விதிகள், மீட்புப் பணியில் ஈடுபட்டு இறப்பவரின் குடும்பத்துக்கும் ரூ. 4 லட்சம் என்கின்றன. அதற்கு மேல் கிடைப்பது, அந்த வாரம் செய்தி எவ்வளவு பெரிதாக வந்தது என்பதைப் பொறுத்தது.

ஊசியிலை பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 'பிருல்' என்று மலைவாழ் மக்கள் அழைக்கும் இந்த உதிர்ந்த பைன் இலை, கோடையில் மெத்தை போல் தரையை மூடிவிடுகிறது. ஒரு தீப்பொறி போதும். அதைப் பெண்கள் சேகரித்துத் தந்தால் கிலோவுக்கு ரூ. 3 என்று இருந்த விலையை ரூ. 50 ஆக உயர்த்துவதாக 2024 மே மாதத்தில் உத்தரகண்ட் அரசு அறிவித்தது. தீயின் நடுவே வெளியான அறிவிப்பு என்பதால் அந்த விலை நிலைக்குமா என்ற ஐயம் அப்போதே எழுந்தது. எனினும் திசை சரியானது. சரிவில் குனிந்து நாள் முழுவதும் இலை வாரும் பெண்ணும் ஒரு வகையில் தீயணைப்பாளரே. அவர் வேலை தீ வருமுன் முடிந்துவிடுகிறது என்பதுதான் வித்தியாசம். வன பஞ்சாயத்துகளின் மூலம், நேரத்துக்கு வந்து சேரும் பணத்துடன் இதைச் செய்தால், 79-ஆவது பிரிவு மிரட்டிப் பெற முயலும் உழைப்பை மரியாதையோடு பெறலாம்.

தீப்பருவம் தொடங்கும் பிப்ரவரி 15-க்கு முன்னதாகவே நாடாளுமன்றத்தில் பட்ஜெட் கூட்டத்தொடரின் முதல் பகுதி தொடங்கிவிடுகிறது. மக்களவையில் ஒரு கேள்விக்கு 15 நாள் முன்னறிவிப்பு போதும். கடந்த பத்தாண்டுகளில் காட்டுத் தீயை அணைக்கும் பணியில் இறந்தவர்கள் எத்தனை பேர், அவர்களில் நிரந்தரப் பணியாளர், பருவகாலக் காவலர், தினக்கூலி, ஊர்மக்கள் தனித்தனியே எத்தனை பேர், ஒவ்வொரு குடும்பத்துக்கும் வழங்கப்பட்ட தொகை என்ன, யாருக்கு இன்னும் பாக்கி என்று மாநிலவாரியாக ஓர் உறுப்பினர் கேட்கலாம். தகவல் திரட்டப்பட்டு அவையில் வைக்கப்படும் என்பது முதல் பதிலாக இருக்கக்கூடும். அப்படிச் சொன்னாலும் அது அவைக்கு அளித்த வாக்குறுதியாகிவிடும்; வாக்குறுதிகள் நிறைவேறுகின்றனவா என்று பார்க்க அவைக்கென்று ஒரு குழுவும் இருக்கிறது.